காய்ந்த கண்மாய்க் கரையில் இளவேனில்: எதைப் பார்க்கலாம், எப்படிப் பார்க்கலாம்

கேள்வி சுருக்கமாக இது: "சிவகங்கைப் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். மகள் ஆறாம் வகுப்புத் தேர்வு எழுதி முடித்துவிட்டாள். பறவை, செடி, பூச்சி என்றால் அவளுக்கு உயிர். ஆனால் கண்மாய் வற்றிவிட்டது, காடெல்லாம் காய்ந்து கிடக்கிறது. இப்போது பார்க்க ஏதாவது உண்டா? மழைக்காலம் வரை பொறுத்திருக்க வேண்டுமா, இல்லை மலைப்பக்கம் எங்கேயாவது கூட்டிப்போக வேண்டுமா? பாம்பு பயமும் இருக்கிறது."

பொறுத்திருக்க வேண்டாம். மலைக்கும் போக வேண்டாம். பங்குனி நடுவிலிருந்து கத்திரி வெயில் தொடங்கும் வரை உள்ள ஐந்தாறு வாரம், நம் வறண்ட சமவெளியில் இயற்கையைப் பார்க்க ஆண்டிலேயே நல்ல நேரம் என்பது என் கருத்து. இலை குறைந்திருப்பதால் கூடு தெரியும். தண்ணீர் குறைந்திருப்பதால், மிச்சமுள்ள தண்ணீரைத் தேடி எல்லாமே ஓரிடத்துக்கு வரும். உள்ளூர்ப் பறவைகள் பலவற்றுக்கு இதுதான் குஞ்சு பொரிக்கும் காலம். மழைக்காலத்தில் பச்சை நிறைய இருக்கும். ஆனால் அந்தப் பச்சைக்குள் எதுவும் கண்ணில் படாது.

காய்ந்து கிடக்கிறது என்கிறீர்களே, அது தரையைப் பார்த்துச் சொல்வது. புல்லும் பூண்டும் மேல்மண்ணின் ஈரத்தை நம்பி வாழ்பவை, அவை காய்ந்துவிட்டன. கொஞ்சம் நிமிர்ந்து வேப்பமரத்தைப் பாருங்கள். ஒரு துளி மழை இல்லாமலே செம்பு நிறத்தில் தளிர் விட்டு, அது பச்சையாகி, பூவும் வந்திருக்கும். புங்கமும் அரசும் அப்படித்தான். தண்ணீர் இல்லாத நேரத்தில் மரத்துக்கு இது எப்படி முடிகிறது? பழைய இலை முழுவதையும் உதிர்த்ததும் இலை வழியாகப் போகும் நீர் நின்றுவிடுகிறது. ஆழத்து வேர் உறிஞ்சும் கொஞ்ச நஞ்ச நீரும் தண்டிலேயே சேர்கிறது. அந்தச் சேமிப்பில்தான் மரம் மொட்டு விடுகிறது. இன்னொரு ஆதாயமும் உண்டு. இலை தின்னும் புழு பூச்சிகள் மழைக்குப் பிறகுதான் பெருகும். அதற்குள் தளிர் முற்றிக் கெட்டிப்பட்டுவிட்டால் மரத்துக்குச் சேதம் குறைவு. இதை மகளிடம் சொல்லிவிட்டு மரத்தடிக்குக் கூட்டிப்போனீர்கள் என்றால் அவள் பார்க்கும் விதமே மாறிவிடும்.

எப்படித் தொடங்குவது என்பதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. நிறைய இடத்துக்கு அலைய வேண்டாம். வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு மரம், ஒரு எருக்கஞ்செடி, கண்மாய்க் கரையில் நூறு இருநூறு அடி நீளம் என்று மூன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். அவற்றையே தினமும் ஒரு மாதம் பாருங்கள். ஒருநாள் சுற்றுலாவில் ஐம்பது பறவையின் பெயரைக் குறித்துக்கொண்டு வரலாம். ஆனால் ஒரு பறவை எதற்காக ஒரே கம்பத்தில் வந்து வந்து உட்காருகிறது என்பது பத்தாவது நாள்தான் விளங்கும்.

மரத்தில் எதை எடுப்பது? உங்கள் பக்கம் எங்கும் இருப்பது வேம்பு. குறை சொல்ல முடியாத தேர்வு. சித்திரை முதல் நாள் பச்சடிக்குப் பூ உதிர்த்து எடுக்கும்போதே தொடங்கிவிடலாம். அந்தப் பூவைக் காலையில் மோந்து பார்த்துவிட்டு, இருட்டிய பிறகு மரத்தடியில் நின்று மறுபடி மோந்து பார்க்கச் சொல்லுங்கள். வாசனை மாலையில்தான் ஏறும். புங்கமரம் என்றால் இன்னும் வேகமான காட்சி. மொட்டையாக நின்ற மரம் சில நாளில் கண் கூசும் பச்சையில் நிற்கும். அப்புறம் வெளிர் ஊதாவும் வெள்ளையுமாகப் பூ கொட்டி அடித்தரை பொரி இறைத்தது போல ஆகிவிடும். கண்மாய்க் கரையில் மாவிலங்கம் இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். கிளை முழுவதும் வெள்ளையும் சந்தனமஞ்சளும் கலந்த பூ, அதில் நீளநீளமான மகரந்தத் தாள்கள் துருத்திக்கொண்டு நிற்கும். தூரத்திலிருந்து பார்த்தால் மரத்துக்கு யாரோ மாலை சுற்றியது போல் இருக்கும். பழைய கோயில் பக்கம் இலுப்பை நின்றால் விடியுமுன்னே போக வேண்டும். இரவில் பழந்தின்னி வௌவால்கள் வந்து தின்றுவிட்டுப் போயிருக்கும். சதைப்பற்றான வெளிர்மஞ்சள் பூக்கள் தரையில் உதிர்ந்து கிடக்கும். ஒன்றை எடுத்து வாயில் போட்டுப் பாருங்கள். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்று ஏன் சொன்னார்கள் என்பது நாக்குக்குத் தெரிந்துவிடும்.

என்னைக் கேட்டால், அருகில் ஒரு சரக்கொன்றை இருந்தால் அதையே எடுக்கச் சொல்வேன். எல்லோரும் தூரத்தில் நின்று "எவ்வளவு அழகு" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். பூவைக் கையில் எடுத்துப் பார்ப்பவர் குறைவு. ஐந்து மஞ்சள் இதழ். நடுவே பத்து மகரந்தத் தாள். பத்தும் ஒன்றுபோல் இருக்காது. மூன்று மட்டும் நீண்டு, தூண்டில் முள் போல வளைந்து முன்னால் வந்திருக்கும். மற்றவை குட்டையாக நடுவில் கூடியிருக்கும். இந்தப் பூவில் தேன் கிடையாது. வருகிற பூச்சிக்குக் கூலி மகரந்தம்தான். அதுவும் உப்பு டப்பா போலச் சின்னத் துளை உள்ள பைக்குள் இருக்கிறது. காலை ஏழு மணிக்கு மேல் மரத்தடியில் சும்மா நில்லுங்கள். கருவண்டு ஒன்று வரும். வண்டு என்கிறோமே தவிர அது தேனீ வகை. கட்டையில் துளை போட்டுக் கூடு வைக்கும். பறக்கும்போது கனமான ரீங்காரம் ஒன்று கேட்கும். பூவில் இறங்கிக் குட்டைத் தாள்களைக் கட்டிப்பிடித்ததும் அந்த ஓசை நின்று, சட்டென்று மெல்லிய உயர்ந்த குரலில் "ஸ்ஸ்" என்று ஓர் அதிர்வு கேட்கும். சிறகை விரிக்காமல் மார்புத் தசையை மட்டும் நடுங்க வைக்கிறது. அந்த நடுக்கத்தில் துளை வழியாக மகரந்தம் பொடியாகக் கொட்டுகிறது. அதே நேரத்தில், வளைந்த நீளத் தாள்கள் அதன் உடம்பில் வேறொரு பங்கு மகரந்தத்தைத் தடவி விடுகின்றன. அது அடுத்த பூவுக்குப் போகும் பங்கு. குட்டைத் தாள் சாப்பாட்டுக்கு, நீளத் தாள் சந்ததிக்கு. இந்த இரண்டு ஓசைக்கும் வித்தியாசம் காதில் பிடிபட்டுவிட்டால் மகள் அதை மறக்கமாட்டாள். வீட்டுக் கொல்லையில் கத்தரிச் செடி இருந்தால் அதன் பூவிலும் இதே வேலை நடப்பதைக் காட்டலாம்.

இடையில் ஒரு செய்தி. சங்கப் பாட்டுகளில் கொன்றை கார்காலத்துப் பூ. மழை வரும், தலைவன் திரும்புவான் என்பதற்கு அது அடையாளம். நம் ஊரில் இன்று அது சித்திரையிலேயே பூத்து நிற்கிறது, சில மரங்கள் மழைக்குப் பிறகு இன்னொரு தடவையும் பூக்கின்றன. பருவம் வருமுன்னே பூத்துவிட்ட கொன்றையைப் பேதை மரம் என்று ஒரு குறுந்தொகைப் பாட்டில் தோழி திட்டுகிறாள். ஆக, மரம் எப்போது பூக்கிறது என்று கவனித்துச் சொல்லி வைக்கும் வழக்கம் நமக்குப் புதிதில்லை. இப்போது நாடு முழுக்கப் பள்ளிப் பிள்ளைகள் வாரம் ஒருமுறை ஒரே மரத்தைப் பார்த்துத் தளிர், பூ, காய் எவ்வளவு என்று பதிவு செய்யும் சீசன்வாட்ச் என்ற திட்டம் இருக்கிறது. உங்கள் மகள் அதில் தன் மரத்தைச் சேர்க்கலாம்.

அடுத்தது எருக்கு. இதை யாரும் செடியாகவே மதிப்பதில்லை. குப்பைமேட்டில் நிற்கும், ஆடு கடிக்காது, வெயில் ஏற ஏறப் பூக்கும். பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் எனக்குத் தெரியாது. காரணம், உயரம் அவர்கள் கண் மட்டத்துக்கு இருக்கும். தினமும் இலையின் அடிப்பக்கத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். ஆரஞ்சு நிறச் சிறகில் கறுப்பு ஓரமும் வெள்ளைப் புள்ளியும் உள்ள வெந்தய வரியன் என்ற வண்ணத்துப்பூச்சி, ஓர் இலைக்கு ஒன்றாக, கடுகை விடச் சிறிய வெளிர் முட்டையை ஒட்டிவிட்டுப் போகும். மூன்று நான்கு நாளில் புழு வெளிவரும். கறுப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டைகளோடு, முதுகில் மூன்று ஜோடிக் கறுப்புக் கொம்பு போன்ற நீட்சிகளோடு இருக்கும். எருக்கம்பாலில் இதயத்தைத் தாக்கும் நஞ்சு உண்டு. இந்தப் புழு அதைத் தின்று தன் உடம்பிலேயே சேர்த்து வைத்துக்கொள்கிறது. தின்று பார்த்த பறவை கக்கிவிட்டு அடுத்த முறை தொடாது. ஒளிந்து திரிய வேண்டிய தேவை அதற்கு இல்லை. அதனால்தான் பட்டப்பகலில் இலையின் மேல் தைரியமாக உட்கார்ந்திருக்கிறது. வளர்ந்த வண்ணத்துப்பூச்சியும் அவசரமில்லாமல் மெதுவாகப் பறப்பதைக் கவனியுங்கள். முட்டையிலிருந்து சிறகு விரிப்பது வரை எல்லாம் ஒரு மாதத்துக்குள் முடிந்துவிடும், உங்கள் விடுமுறைக்குள் முழுக்கதையும் பார்த்துவிடலாம். அதே செடியில் நீலமும் மஞ்சளுமாக வரிபோட்ட வெட்டுக்கிளி இருந்தால் கையில் பிடிக்க வேண்டாம், அதுவும் எருக்கு தின்பது, பிடித்தால் நஞ்சுள்ள நீரைப் பீய்ச்சும். எருக்கம்பால் கண்ணில் படக்கூடாது என்பதை மட்டும் முதல்நாளே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். இலையைத் திருப்பிப் பார்க்கலாம், கிள்ளக்கூடாது. பார்த்து முடித்ததும் கை கழுவ வேண்டும்.

சரி, கண்மாய்க் கரைக்கு வருவோம்.

வற்றிய கண்மாயில்தான் ஆட்காட்டி முட்டையிடும். நீங்கள் கரையில் ஏறியதும் "டிட்டிட்டூ டிட்டிட்டூ" என்று கத்திக்கொண்டு தலைக்கு மேல் சுற்றுமே, கண்ணோரம் சிவப்புச் சதையும் மஞ்சள் காலும் உள்ள பறவை, அதுதான். கூடு என்று எதுவும் கட்டாது. கட்டாந்தரையில் சின்னக் குழி, சுற்றி நாலு கூழாங்கல் அல்லது ஆட்டுப் புழுக்கை, நடுவே கூர்முனை உள்ளே பார்த்தபடி பெரும்பாலும் நான்கு முட்டை. மண் நிறத்தில் கறுப்புத் திட்டு. இரண்டடி தூரத்தில் நின்றாலும் தெரியாது. கத்தல் கூடிக்கொண்டே போனால் நீங்கள் முட்டையை நெருங்குகிறீர்கள் என்று அர்த்தம். அந்த இடத்திலேயே நின்று, வந்த வழியில் திரும்பி, கரையில் ஒரு மரத்தடியில் உட்காருங்கள். பத்து நிமிடத்தில் பறவை தரையில் இறங்கி, நேராகக் கூட்டுக்குப் போகாமல் அங்கே கொஞ்சம் இங்கே கொஞ்சம் நடந்து, கடைசியில் ஓரிடத்தில் உடம்பைக் குலுக்கி உட்காரும். அதுதான் கூடு.

இதில் பகல் பதினொரு மணிக்கு மேல் நடப்பது முக்கியம், அந்த வெயிலில் மகளை நிறுத்த முடியாது என்றாலும் அவளிடம் சொல்லி வையுங்கள். கை வைத்தால் சுடும் தரையில் அடைகாத்தல் என்பது சூடு கொடுப்பது அல்ல, சூட்டிலிருந்து காப்பது. பறவை முட்டை மேல் அழுந்தி உட்காராமல் கால் ஊன்றி நின்று நிழல் கொடுக்கும். அப்புறம் மிச்சமிருக்கும் சேற்றுத் தண்ணீருக்கு ஓடிப்போய் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து ஈரத்தோடு முட்டை மேல் உட்காரும். ஒரு சித்திரை மதியம் இதை முதன்முதலில் பார்த்தபோது நான் கருவேல நிழலில் குடையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆணும் பெண்ணும் மாற்றி மாற்றி அரை மணிக்குள் நான்கு தடவை தண்ணீருக்குப் போய் வந்தன. ஒவ்வொரு முறையும் முட்டைக்குச் சற்றுத் தள்ளி நின்று, சுற்றும் பார்த்துவிட்டு, ஈரமான வயிற்றை மெல்ல இறக்கின. அன்றிலிருந்து அந்தப் பறவையின் கத்தல் எனக்கு இரைச்சலாகத் தோன்றியதில்லை.

ஒரு தவற்றையும் சொல்ல வேண்டும். மறுநாள் எளிதாகக் கண்டுபிடிக்கலாம் என்று வேறொரு கூட்டுக்கு மூன்றடி தள்ளி ஒரு குச்சியை நட்டு, துணி கட்டிவிட்டு வந்தேன். அடுத்த நாள் முட்டை எதுவும் இல்லை. சுற்றிலும் காக்கைத் தடம். துணியைப் பார்த்துத்தான் காக்கை வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அந்த வெட்டவெளியில் புதிதாக வந்த ஒரே பொருள் அதுதான். அதன்பிறகு நான் அடையாளம் வைப்பதில்லை. தூரத்தில் உள்ள பனை எது, எந்தப் புதருக்கு நேராக என்று நோட்டில் ஒரு கோட்டுப்படம் மட்டும் வரைந்துகொள்கிறேன். கூட்டின் பக்கத்தில் போய்ப் படமெடுப்பதும் வேண்டாம். நீங்கள் நிற்கும் பத்து நிமிடமும் அந்த முட்டை வெயிலில் வேகிறது. ஏறக்குறைய நான்கு வாரத்தில் குஞ்சு பொரிக்கும், பொரித்த சில மணி நேரத்திலேயே நடந்து கிளம்பிவிடும். தாய் ஒரு குரல் கொடுத்ததும் பஞ்சு உருண்டைபோல அப்படியே தரையோடு படுத்து, மண்ணோடு மண்ணாகிவிடும். ஆகவே கரையில் நடக்கும்போது காலடியைப் பார்த்து நடக்க வேண்டும்.

காக்கை என்றதும் குயில் நினைவு வருகிறது. இந்த மாதங்களில் குயில் விடியற்காலையிலிருந்து கத்துவதற்குக் காரணம், இதே மாதங்களில் காக்கை கூடு கட்டுவதுதான். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் சுவை. உங்கள் தெருவில் எந்த மரத்தில் காக்கை சுள்ளியும் கம்பித் துண்டும் சேர்க்கிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். படிப்படியாக உயரும் "குஊ... குஊ" ஆணுடையது. அது கன்னங்கறுப்பு, கண் மட்டும் இரத்தச் சிவப்பு. பெண்ணைப் பலரும் குயில் என்றே அறிவதில்லை. பழுப்பு உடம்பு முழுக்க வெள்ளைப் புள்ளி, குரல் "கிக் கிக் கிக்" என்று அவசரமாக இருக்கும். அந்த அவசரக் குரலும், பின்னாலேயே காக்கைகள் துரத்திக்கொண்டு போவதும் கேட்டால், ஏதோ ஒரு கூட்டில் பெண்குயில் முட்டை வைக்கப் பார்க்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். குயில் முட்டை காக்கை முட்டையை விட இரண்டு மூன்று நாள் முந்திப் பொரிந்துவிடும். பிறகு வைகாசியில், காக்கைக்குப் பின்னாலேயே வாயைத் திறந்துகொண்டு திரியும் "வேறு மாதிரி" குஞ்சு ஒன்றைப் பார்ப்பீர்கள். மகளிடம் யார் குஞ்சு என்று கேளுங்கள், நீங்கள் சொல்லிவிட வேண்டாம்.

இடி விழுந்தோ நோயிலோ தலை போன மொட்டைப் பனை ஒன்று எந்த ஊரிலும் இருக்கும். விறகுக்குக்கூட ஆகாது என்று விட்டிருப்பார்கள். அதன் உச்சிப் பொந்தில்தான் பனங்காடை கூடு வைக்கும். உட்கார்ந்திருக்கும்போது மங்கிய பழுப்பாகத் தெரியும் பறவை, சிறகை விரித்ததும் இரண்டு நீலம் பளிச்சென்று அடிக்கும். பங்குனி சித்திரையில் ஆண்பறவை கத்திக்கொண்டே மேலே ஏறி, அங்கிருந்து இடமும் வலமும் உருண்டபடி கீழே பாயும். ஒருமுறை பார்த்தால் போதும். இதே காலத்தில் தரிசு நிலத்தில் வானம்பாடியும் இப்படி வித்தை காட்டும். சிட்டுக்குருவி அளவுதான், செங்குத்தாக ஏறிச் சிறகை மூடிக் கல் போல விழும், தரை தொடுமுன் மறுபடி ஏறும், விழும்போது நீளமாக ஒரு சீழ்க்கை. மணல் அள்ளிய பள்ளம், வாய்க்கால் ஓரம் என்று செங்குத்தான மண்சுவர் எங்கே இருந்தாலும் பச்சைப் பஞ்சுருட்டான் துளை போட்டிருக்கிறதா என்று பாருங்கள். பிடித்த தேனீயைக் கிளையில் அடித்து அடித்துக் கொடுக்கை எடுத்துவிட்டுத்தான் விழுங்கும். மிச்சத் தண்ணீரில் நிற்கும் கொக்குகளையும் உற்றுப் பாருங்கள். வெள்ளையாக மாட்டுக்குப் பின்னால் திரிந்த உண்ணிக்கொக்கின் தலையும் கழுத்தும் ஆரஞ்சு மஞ்சளாகியிருக்கும். மண் நிறத்தில் இருந்த மடையானின் முதுகு கருஞ்சிவப்பாகியிருக்கும். புதுப் பறவை வந்துவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம், பழைய பறவைதான் கல்யாணச் சட்டை போட்டிருக்கிறது.

போகிறவர்களையும் கவனிக்க வேண்டிய நேரம் இது. பனிக்காலத்துக்கு வந்த விருந்தாளிகள் வடக்கே கிளம்பும் மாதம். நிழலான தோப்போ கோயில்காடோ இருந்தால், விடியலிலும் மாலை ஆறு மணி வாக்கிலும் இரட்டைச் சீழ்க்கை கேட்கிறதா என்று பாருங்கள். ஆறுமணிக்குருவி அது. பச்சை முதுகு, மஞ்சள் கலந்த வயிறு, வாலடியில் சிவப்பு. சருகைக் கிளறி இரை தேடும். மத்திய இந்தியாவுக்கும் இமயத்தின் அடிவாரத்துக்கும் போய்க் குஞ்சு பொரிக்கும் பறவை. கடைசியாக எந்தத் தேதியில் குரல் கேட்டது என்று மகள் எழுதி வைக்கட்டும். அடுத்த வருடம் எழுதிய தேதியோடு ஒப்பிடும்போதுதான் அந்த நோட்டுக்கு மதிப்பு தெரியும்.

கோயில்காடு என்றேனே, உங்கள் மாவட்டத்திலும் பக்கத்துப் புதுக்கோட்டையிலும் அவை இன்னும் இருக்கின்றன. சுற்றிலும் எல்லாம் காய்ந்திருக்க உள்ளே மட்டும் பச்சையாக இருக்கும். காட்டு வகையில் இதற்கு வறண்ட பசுமைமாறாக் காடு என்று பெயர். வீரை, உலக்கைப்பாலை, நாவல், காசா என்று தடித்த சின்ன இலை மரங்கள். காசாமரம் பூத்திருந்தால் விட்டுவிடாதீர்கள், கிளையோடு ஒட்டிக் கொத்துக்கொத்தாக நீலம். பெருமாளைக் காயாம்பூ மேனியன் என்கிறோமே, அந்தக் காயா இதுதான். உள்ளே போகுமுன் ஊர்க்காரர்களிடம் கேட்டுவிட்டு, அவர்கள் சொல்லும் முறைப்படி செருப்பைக் கழற்றிவிட்டுப் போங்கள். அந்தக் கட்டுப்பாட்டினால்தான் அந்தக் காடு இன்றுவரை நிற்கிறது. மதுரை மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டிக்கு ஒருநாள் போய்வர முடிந்தால் அதுவும் நல்லது. 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம். பாறைக்குன்றுகளில் வல்லூறு வகைகளைப் பார்க்கலாம். ஆனால் இது கூடுதல்தான், உங்கள் கண்மாய்க் கரைக்கு மாற்று அல்ல.

நடுப்பகலில் பிள்ளையை வெளியே விட முடியாது. அந்த நேரத்துக்கு வீட்டு வாசலிலேயே இரண்டு இருக்கின்றன. ஒன்று வேலியில் உட்கார்ந்திருக்கும் ஓணான். கரட்டான் என்றும் சொல்வார்கள். கோடை ஏறும்போது ஆணின் தலையும் தொண்டையும் சிவந்து, தண்டால் எடுப்பது போல மேலும் கீழும் அசையும். இன்னொரு ஆணுக்கு அது விடும் எச்சரிக்கை. பக்கத்தில் பெண் இருந்தாலும் அதே தண்டால்தான். நம் ஊர்ப் பையன்கள் அதைக் கல்லால் அடிப்பது எனக்குப் பொறுக்காது. தலை ஆட்டிக் கேலி செய்கிறது என்று நினைத்து அடிக்கிறார்கள். அது இவர்களிடம் பேசவே இல்லை என்பதை ஒரு பிள்ளைக்கு விளக்கினால் நாலு பிள்ளைக்குப் போகும்.

இன்னொன்று குழிநரி. கூரை இறவாரத்தடியிலோ கோயில் மண்டபத்து ஓரத்திலோ, மழை படாத நைந்த மண்ணில், சின்னப் புனல் போலக் குழிகள் இருக்கும். ஒரு புல்நுனியால் சரிவைத் தொட்டால் அடியிலிருந்து மண் வீசப்படும். அதுதான் எறும்பு மேலே ஏறவிடாமல் சறுக்கி விழவைக்கும் முறை. மண்ணோடு மெல்ல அள்ளி உள்ளங்கையில் பரப்பினால், சாம்பல் நிறத்தில் கொடுக்குத் தாடை உள்ள பூச்சி பின்பக்கமாகவே நகர்ந்து மண்ணுக்குள் புதையும். தட்டான் போலச் சிறகு உள்ள ஒரு பூச்சியின் இளம்பருவம் அது. பார்த்ததும் அதே இடத்தில் விட்டுவிட்டு, புதுக் குழி தோண்ட எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று கடிகாரம் பார்த்து எழுதச் சொல்லுங்கள். ஒரு மதியம் ஓடிவிடும்.

இப்போது உங்கள் பயத்துக்கு. காலை ஐந்தே முக்காலிலிருந்து எட்டு மணி, மாலை நாலே முக்காலிலிருந்து இருட்டும் வரை. இந்த இரண்டு நேரம் போதும். கணுக்கால் மூடிய செருப்போ ஷூவோ போட்டுக்கொள்ளுங்கள். கல்லையும் கட்டையையும் கையால் புரட்டக் கூடாது, புதருக்குள் கை விடக் கூடாது, மாலை இருட்டினால் டார்ச் இல்லாமல் ஓர் அடி வைக்கக் கூடாது. இந்த மூன்றையும் கடைப்பிடித்தால் பாம்பும் தேளும் உங்களைத் தேடி வராது. இரண்டு சாரைப்பாம்புகள் பின்னி நிமிர்ந்து ஆடுவதைப் பார்க்க நேர்ந்தால் தூரத்தில் நின்று பாருங்கள். இணைசேர்கின்றன என்பார்கள். பெரும்பாலும் அது இரண்டு ஆண்களின் மல்யுத்தம். சாரைக்கு நஞ்சு இல்லை.

தொலைநோக்கி வாங்க நினைத்தால் எட்டுக்கு நாற்பத்திரண்டு (8x42, அதாவது எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 42 மி.மீ. அகலம்) என்று போட்டிருப்பது நல்லது. இல்லாவிட்டாலும் பரவாயில்லை, முதல் மாதத்துக்கு அது தேவையே இல்லை. கைபேசியில் மெர்லின் செயலி பறவைக் குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும். செடி, பூச்சிக்கு ஐநேச்சுரலிஸ்ட் இருக்கிறது. இவற்றை வீட்டுக்கு வந்தபிறகு பயன்படுத்துங்கள். களத்தில் நோட்டும் பென்சிலும்தான். தேதி, நேரம், எந்த மரம், என்ன செய்தது, எத்தனை என்று நாலே வரி. பறவையின் பெயர் தெரியாவிட்டால் "தலை கறுப்பு, வால் ஆட்டுது" என்று எழுதினாலும் போதும். செடிப் பெயருக்கு ஆடு மேய்ப்பவர்களையும் ஊர்ப் பாட்டிகளையும் கேளுங்கள். நுணாவை ஒருவர் மஞ்சணத்தி என்பார். இரண்டையும் எழுதிக்கொள்ள வேண்டும், எது சரி என்று அடித்துத் திருத்த வேண்டாம். கூட்டிலிருந்து எடுத்த கிளிக்குஞ்சை யாராவது விற்க வந்தால் பாவம் பார்த்து வாங்கிவிடாதீர்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டுக் கிளிகளைப் பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம். நீங்கள் வாங்கினால் அடுத்த பொந்தும் காலியாகும்.

வீட்டு மதிலில் அகலமான மண்சட்டியில் இரண்டு அங்குலம் தண்ணீர் வைத்து, நடுவில் ஒரு கல் போடுங்கள். கல்லில்லாவிட்டால் தேனீயும் குளவியும் விழுந்து மூழ்கும். தினமும் கழுவி மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் கொசு முட்டை வைக்கும். யார் எந்த நேரத்தில் வருகிறார்கள் என்பது மகளுக்கு இன்னொரு நோட்டு.

கடைசியாக ஒன்று. சித்திரையிலோ வைகாசியிலோ ஒருநாள் சாயங்காலம் கோடைமழை இறங்கும். அன்று மகளைச் சீக்கிரம் தூங்க விடாதீர்கள். மழை விட்டதும் தெருவிளக்கடியில் ஈசல் மொய்க்கும், அதைத் தின்னத் தவளையும் பல்லியும் புள்ளி ஆந்தையும் வரிசையாக வந்து சேரும். எந்தப் புற்றிலிருந்து ஈசல் புறப்படுகிறது என்று டார்ச் அடித்துத் தேடுங்கள், புகை போல ஒரே துளையிலிருந்து கிளம்பும். மறுநாள் விடிந்ததும் மணற்பாங்கான தரிசுக்குப் போங்கள். இரத்தச் சிவப்பில், பட்டுத்துணித் துணுக்கு நடந்து வருவது போலத் தம்பலப்பூச்சிகள் மண்ணுக்கு மேலே வந்திருக்கும். ஆண்டின் பெரும்பகுதியை மண்ணுக்கடியிலேயே கழிப்பவை அவை. குனிந்து காலை எண்ணச் சொல்லுங்கள். எட்டு வரும். பூச்சிக்கு ஆறுதானே என்று அவளே கேட்பாள்.